ஒரே கறி, இரண்டு மரியாதை

அன்னாசித் துண்டு போட்டு அரைமணி நேரத்தில் பன்றிக்கறி வதக்கி, 'உடம்புக்கு நல்லது' என்று வீடியோ போடுகிறார்கள். போடட்டும். கொழுப்பு குறைந்த கறியும் பழத்தின் புளிப்பும் நல்ல சேர்க்கைதான். ஆனால் அது நேற்று பிறந்ததல்ல.

குடகின் பந்திக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புளிப்பு கச்சம்புளி. குடம்புளிப் பழச்சாற்றை வடித்து, கறுத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி எடுப்பது. கொழுப்பின் திகட்டலை ஒரு கரண்டி அறுத்துவிடும். நிலமும் துப்பாக்கியும் வைத்திருந்த கொடவர்களின் விருந்துக் கறி அது. அதனால் இன்று அது 'பாரம்பரியம்'. நட்சத்திர ஓட்டலிலும் விலை உண்டு. அந்த வயல்களில் பண்ணையடிமைகளாக உழைத்த ஹொலையர்களின் அடுப்பு பற்றி ஓட்டல்காரர் பேசுவதில்லை.

நம் பக்கம் பாருங்கள். பெரும்பாணாற்றுப்படையில் பாணருக்குக் கிடைக்கும் விருந்தில் பன்றிக்கறி இருக்கிறது. பெண்பன்றியோடு சேரவிடாமல் ஆண்பன்றியைப் பல நாள் குழியில் நிறுத்தி, நெல்மா தீற்றிக் கொழுக்க வைத்த கறி, கூடவே கள். தொண்டை நாட்டுப் பட்டினத்தில் அதைத் தின்றவர் யாரும் முகம் சுளித்ததாகப் பாட்டில் இல்லை. சுளிப்பு பின்னால் வந்தது, அதுவும் கறியைப் பார்த்து அல்ல, தின்கிறவரின் தெருவைப் பார்த்து.

கொடவர் வீட்டில் அது விருந்து. சேரியில் அதே கறி வசவுச்சொல். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இன்னமும் முதல் கேள்வி, "என்ன சாப்பிடுவீங்க?"