முன்சில்லைப் பிடித்திருக்கும் சிறு மூட்டு: கிறீஸும் றப்பர் உறையும்

லீசிங்கில் எடுத்த வான் ஒன்றையோ, தகப்பன் காலத்துக் கார் ஒன்றையோ நம்பி வடக்கு, கிழக்கில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த வாகனத்தின் முன்சில்லுகளைப் பிடித்திருப்பவை கைப்பிடிக்குள் அடங்கும் சில மூட்டுகள். அவற்றில் ஒன்று கழன்றால் சில்லு தன்பாட்டில் திரும்பிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரால் எதுவும் செய்யமுடியாது. கராஜ் வேலையில் நான் கண்டவரை, இந்த மூட்டுகள் பாரத்தால் கெடுவதைவிடத் தண்ணீராலும் மணலாலும் கெடுவதே அதிகம். இரண்டையும் தடுக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை.

மூட்டின் அமைப்பு

ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குச் செல்லும் கம்பியின் நுனியில் இருப்பது டை றொட் என்ட். சில்லைத் தாங்கும் கையின் நுனியில் இருப்பது போல் ஜொயின்ட். இரண்டும் அடிப்படையில் ஒன்றே: கிண்ணத்துக்குள் உருளும் உருக்குக் குண்டு, அதைச் சுற்றிக் கிறீஸ், வெளியே ஒரு றப்பர் உறை. உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும். கிரவல் தூசியும் வெள்ளமும் உள்ளே போகும். தூசி கலந்த கிறீஸ் அரம் போல் குண்டைத் தேய்க்கும். பண்ணை, சங்குப்பிட்டி என நீரேரியை ஒட்டி ஓடும் வாகனங்களுக்கு உப்பும் சேர்கிறது. 2009இன் பின் முள்ளிவாய்க்கால் கரையில் துருப்பிடித்துக் கிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்கு உப்புக்காற்றின் வேலையை நான் விளக்கத் தேவையில்லை.

தடைக்காலம் கற்பித்தது

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் ஏ40உம் அக்காலத்தில் நோயாளரையும் காயப்பட்டோரையும் சுமந்தன. அதே 1990களில் தென்னிலங்கையில் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன என்பது வேறு கதை. எங்களுக்குப் புதுப் பாகம் கிடையாது. இருந்ததைத் தேயவிடாமல் வைத்திருப்பதே ஒரே வழி.

மைனரின் முன்சில்லு மேலும் கீழும் மரை வெட்டிய ட்ரனியன்களில் நிற்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து கார் தெருவில் குந்திவிடும். இடது, வலது பக்க மரைகள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை என்பதால் பாகங்களை மாற்றிப் பூட்டக்கூடாது. 3000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 4800 கிலோமீற்றருக்கு ஒருமுறை, கிறீஸ் அடிப்பது நல்ல கணக்கு. தூசித் தெருவில் ஓடினால் அதற்கும் முன்னரே அடிக்க வேண்டும்.

எந்த மூட்டுக்கு என்ன செய்வது?

கிறீஸ் நிப்பிள் உள்ளவை: முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் வெளியிலுள்ள மண்ணையே உள்ளே தள்ளுவீர்கள். ஜக்கில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சில்லின் பாரத்தை எடுத்தபின் அடித்தால் கிறீஸ் எல்லா இடமும் போகும். ட்ரனியனில் பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடிக்கலாம். றப்பர் உறை உள்ள மூட்டில், உறை சற்று உப்பத் தொடங்கியதும் நிறுத்துங்கள்; மேலும் அடித்தால் உறை வெடிக்கும். இரண்டாம் இலக்க லிதியம் கிறீஸ் போதுமானது.

நிப்பிள் இல்லாதவை: இப்போதைய வான்களிலும் கார்களிலும் பெரும்பாலும் இவையே. கிறீஸ் உள்ளே அடைக்கப்பட்டே வருகிறது. உங்கள் வேலை உறையைப் பார்ப்பது மட்டும். வெடிப்பைக் கண்டவுடன், மூட்டில் ஆட்டம் இல்லையென்றால், சுத்தம் செய்து கிறீஸ் இட்டு உறையை மட்டும் மாற்றலாம். ஆட்டம் வந்துவிட்டால் எவ்வளவு கிறீஸ் வைத்தாலும் பயனில்லை, மூட்டையே மாற்றவேண்டும்.

திறந்த மூட்டுகள்: பந்தயக் கார்களில் வரும் இவற்றை மாற்றியமைத்த தெருக் கார்களிலும் காணலாம். குண்டைச் சுற்றி டெஃப்லோன் படலம் உள்ளவற்றுக்குக் கிறீஸ் பூசக்கூடாது. தூசி ஒட்டிப் படலத்தைத் தின்றுவிடும். துடைத்து உலர்வாக வைத்து, தனியாக விற்கும் றப்பர் உறையைப் போடுவதே பாதுகாப்பு.

இன்னொன்று: மாரிக்கு முன் வாகனத்தின் அடியில் டீசலோ கழிவு ஒயிலோ விசிறும் பழக்கம் உண்டு. இரும்புக்கு அது உதவலாம். றப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் பழுதாகும். உறைகளை மண்ணெண்ணெயில் கழுவவும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

நீங்களே பார்க்கலாம்

முன்சில்லைத் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் டை றொட் பக்கம் பாருங்கள். 12, 6 மணி இடங்களில் ஆடினால் போல் ஜொயின்ட், ட்ரனியன் அல்லது சில்லின் பெயாரிங். குழியில் விழும்போது தட்டும் சத்தம், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்தல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. டை றொட் என்டை மாற்றினால் பழைய கொட்டர் பின்னை மீண்டும் போடாதீர்கள். வீல் எலைன்மென்ட் பார்க்காமல் நீண்ட பயணம் போகாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை வாகனத்தின் அடியில் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்த உறையை அன்றே மாற்றினால் ஒரு றப்பர் துண்டின் செலவுதான். விட்டுவைத்தால் அந்தச் செலவு, வாகனத்தில் இருப்பவர்களின் தலையில் விழலாம்.