ஒலிச்சுருக்கமும் மறைப்பு விளைவும்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்மலையனூரில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தின்போது பம்பை முழங்கினால், பக்கத்தில் நிற்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. அவர் குரல் காதை அடையாமல் இல்லை. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மூடிவிடுகிறது. ஒலியியலில் இதை மறைப்பு விளைவு என்பர். செல்பேசியில் ஆயிரம் பாடல்கள் அடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும், உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வாறு மறைப்பதில்லை என்று ஆல்பிரட் மேயர் 1876இல் எழுதினார். காது ஒலியை 24 அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துணர்வதாக ஸ்விக்கர் 1961இல் வகுத்தார்.

இந்த அறிவைப் பொறியியலுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அட்டல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அங்கேயே ஒலியியல் விரிவுரையாளராக இருந்து, 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். பேச்சைக் குறைந்த பிட்டுகளில் அனுப்பினால் இரைச்சல் சேரும். அதன் மொத்த அளவைக் குறைப்பதே அதுவரை பொறியாளர்களின் நோக்கம். அட்டலும் ஷ்ரோடரும் ஹாலும் 1979இல் வேறு வழி காட்டினர்: பேச்சு வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்களுக்கு அடியில் இரைச்சலை ஒதுக்கிவிடுவது. கருவியில் அளந்தால் இரைச்சல் கூடியிருக்கும், காதுக்கோ குறைந்திருக்கும்! அளவுகோல் கருவியல்ல, காதே என்ற இந்த மாற்றம்தான் முக்கியமானது என்பேன். 1985இல் ஷ்ரோடரும் அட்டலும் வெளியிட்ட செல்ப் முறை பின்னர் செல்பேசிகளில் பரவியது.

இசையில் இதே வழியில் சென்றவர் ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். குறுந்தகட்டில் ஒரு விநாடி இசைக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும். 1993இல் தரநிலையாக வெளிவந்த எம்பி3 முறையில் 1,28,000 பிட்டுகளிலேயே சமாளிக்கலாம். ஆனால் சோதனைக் காலத்தில் அவரைத் திணறடித்தது, வாத்தியமே இல்லாத சூசன் வேகாவின் தனிக்குரல் பாடல். இரைச்சலை ஒளித்துவைக்க அதில் பம்பை ஏது?

நம் பம்பை, உடுக்கை, தெருக்கூத்துப் பாடல்களைப் பதிவுசெய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். எம்பி3 கழித்த பகுதி திரும்ப வராது. மீண்டும் மீண்டும் சுருக்கினால் ஒளித்த இரைச்சலும் சேர்ந்து வெளியே கேட்கத் தொடங்கும். மூலப்பதிவைச் சுருக்காமலோ, ஃப்ளாக் போன்ற இழப்பற்ற வடிவிலோ வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் எம்பி3 பிரதி எடுக்கலாம். ஃப்ளாக் கோப்பு பெரும்பாலும் மூலத்தின் ஏறத்தாழப் பாதி அளவுதான் இருக்கும்.