வடசென்னை உழைப்பாளரின் சந்ததிக் கவலையும் கைபேசியும்

கைபேசியைக் கால்சட்டைப் பையில் வைத்திருப்பவனுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்காது என்னும் அச்சம் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலையொட்டிக் கிடக்கும் துறைமுக, ஆலைப் பிரதேசத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பரிகாரமென்று ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வழக்கமும் அந்த அச்சத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வச்சத்துக்கு ஆதாரம் அறவே இல்லையென்று நான் கூறமாட்டேன்; ஆயின், இப்பிரதேசத்து ஆடவனின் வீரியத்தைப் பற்றி விசாரிக்கப் புகுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அவன் பையைப் பற்றியதன்று, அவன் தொழிலைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விந்தணுவின் சவ்வு எளிதில் ஆக்ஸிகரணமடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்தது. அதன் உடலிலோ தற்காப்புக்குரிய நொதிகளைச் சேமித்து வைப்பதற்கு வேண்டிய உயிர்ப்பொருள் மிகவும் சொற்பம். எனவே வினைமிகு ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகும்போது பிற உயிரணுக்களுக்கு முன்பாகவே அது சேதமுறுகிறது. கைபேசி அலைகள் அணுவை அயனியாக்கும் வலிமையற்றவை எனினும் இம்மூலக்கூறுகளைப் பெருக்கக்கூடும் என்பதே ஆராய்ச்சியாளரின் ஐயம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த அசோக் அகர்வால் குழுவினர் 361 ஆடவரை ஆராய்ந்து, கைபேசி உபயோகிக்கும் நேரம் கூடக்கூட விந்தணுக்களின் எண்ணிக்கையும் இயக்கமும் குறைவதாக 2008இல் அறிவித்தனர். மறு ஆண்டு 32 பேரின் மாதிரிகளைப் பேசும் நிலையிலிருந்த கைபேசியின் அருகே ஒரு மணி நேரம் வைத்தபோது வினைமிகு ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் மிகுந்ததையும் இயக்கம் தளர்ந்ததையும் கண்டனர். எனினும் கண்ணாடிக் குழாயில் கிடக்கும் திரவம் வேறு, தோலும் தசையும் போர்த்த உடலுறுப்பு வேறு. 2005 முதல் 2018 வரை சுவிட்சர்லாந்தில் 2886 இளைஞரிடம் நடந்த ஆய்வு, அடிக்கடி கைபேசி உபயோகிப்போரிடம் விந்தணுச் செறிவு குறைவு என்று கண்டபோதிலும், கால்சட்டைப் பையில் வைப்பதற்கும் அக்குறைவுக்கும் தொடர்பொன்றையும் காணவில்லை. பழைய தலைமுறைக் கருவிகள் போய்ப் புதியவை வரவர, அடிக்கடி உபயோகிப்பதற்கும் செறிவுக் குறைவுக்கும் இருந்த தொடர்பே மெலிந்துவந்தது. நம் நாட்டிலோ 2012 செப்டம்பர் 1 முதல் கைபேசியிலிருந்து உடல் உறிஞ்சும் கதிரின் அளவு கிலோகிராம் திசுவுக்கு 1.6 வாட்டைத் தாண்டலாகாது என்னும் விதி அமலில் இருக்கிறது.

இனி மாத்திரையின் சங்கதி. எலிகளிடம் மெலட்டோனின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவை கதிர்வீச்சின் தீங்கைத் தணித்ததாகக் கூறும் ஆய்வுகள் உண்டு. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலேயே அத்தகையது நடந்திருக்கிறது. மனிதரிடம் வந்தபோது கதை மாறிவிட்டது. 2020இல் வெளியான இரண்டு அமெரிக்கப் பரிசோதனைகளுள் 171 தம்பதிகளைக் கொண்ட ஒன்றில், பல ஆன்டி ஆக்ஸிடன்ட்களைச் சேர்த்து ஆடவருக்குக் கொடுத்தும் விந்தின் தரமோ குழந்தைப்பேறோ உயரவில்லை. 2370 தம்பதிகளைக் கொண்ட மற்றொன்றில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் பிரசவ விகிதத்தை உயர்த்தவில்லை, மரபுப்பொருளின் சிதைவையோ சற்றே கூட்டின. கருவுறச் செய்யும் தகுதியை விந்தணு அடைவதற்கே ஓரளவு ஆக்ஸிகரணம் அவசியம் என்பதை நினைவில் வைப்போர்க்கு இதில் வியப்பில்லை. விலையுயர்ந்த அட்டைப் பெட்டியை வாங்குவதைவிட அக்காசுக்கு நெல்லிக்காயும் கீரையும் வாங்குவது நலம் என்பது என் சொந்த அபிப்பிராயம்; அதைச் சிகிச்சை என்று நான் சொல்லவில்லை.

இப்போது தொழிலுக்கு வருவோம். தென்னிந்தியாவிலுள்ள ஒரு வெல்டிங் ஆலையின் 57 தொழிலாளரை ஆராய்ந்து 2003இல் வெளியான கட்டுரை, அவர்களின் விந்தணுச் செறிவு சராசரியாக மில்லிலிட்டருக்கு 1.45 கோடி என்றும், வெல்டிங் புகை படாத ஒப்பீட்டுக் குழுவினருக்கு அது 6.28 கோடி என்றும் கண்டது. நிக்கலும் குரோமியமும் அவர்கள் இரத்தத்தில் பன்மடங்கு மிகுந்திருந்தன. கைபேசியைக் குறித்த ஆய்வு எதிலும் இவ்வளவு பெரிய இடைவெளியை நான் கண்டதில்லை. ஈயம் விந்தைக் கெடுக்கும் என்பது பாட்டரித் தொழிலாளரிடம் 1975லேயே நிரூபணமாயிற்று. ஓட்டுநர் இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால் விரைப்பையின் உஷ்ணம் ஏறும் என்று பிரான்சில் 2000இல் அளந்து காட்டினர். துறைமுக வாயிலை எதிர்நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநரையும், காசிமேட்டில் விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் இறங்குபவரையும், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் வெல்டிங் ராடு பிடிப்பவரையும் இம்முடிவுகளோடு பொருத்திப் பார்க்க விசேஷ ஞானம் ஒன்றும் வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் இப்பிரதேசத்தை அடுத்துள்ள மணலிக்கு மாசுக் குறியீட்டில் 76.32 என்று மதிப்பெண் இட்டு, மிகக் கடுமையாக மாசுபட்ட தொழிற்பிரதேசங்களுள் அதைச் சேர்த்ததும் ஊரறிந்த செய்தி. உஷ்ணம், உலோகம், புகை, பீடி ஆகிய அனைத்தும் விந்தணுவைத் தாக்குவது பெரும்பாலும் அதே ஆக்ஸிகரண வழியில்தான். ஆதலின் கைபேசியை மட்டும் கூண்டிலேற்றி மற்றவற்றைச் சாட்சியாகக்கூட அழைக்காத விசாரணை இவ்வூருக்குப் பொருந்தாது.

விந்தணு ஒன்று உருவாகச் சுமார் 74 நாட்கள் பிடிக்கின்றன. புகையிலிருந்து விலக்கி வேறு வேலையில் அமர்த்தப்பட்ட ஒருவனிடம் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்தால் அதன் பலன் தெரியக்கூடும். இத்தகைய ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இத்தொழிலாளர் குடும்பங்களுக்கு மத்தியிலேயே இருக்கின்றன. பிள்ளையில்லாக் குறையை மனைவியின் தலையில் சுமத்திவிட்டு ஆடவனைப் பரிசோதனைக்கே அனுப்பாத பழக்கத்தை ஒழித்து, பரிசோதனைக்கு வரும் ஒவ்வோர் ஆடவனிடமும் அவன் செய்யும் வேலை, எத்தனை ஆண்டாகச் செய்கிறான், எந்தப் புகையில், எந்த உஷ்ணத்தில் என்பவற்றை எழுதி வாங்கிய பிறகே கைபேசியைக் குறித்துக் கேட்கும்படி அவ்விரு நிறுவனங்களின் மருத்துவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.