செக்ரோல் முதல் கணினி வரை: தோட்டத்து மக்களின் உரிமைக் கணக்கு

விடியற்காலைப் பெரட்டுக் களம். பால்மரம் சீவும் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கிராணி செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிடுகிறார். அதில் அவர் இடும் குறியில்தான் அன்றைய கூலி அடங்கியிருக்கிறது. லாபு, நீலாய், பகாவ், போர்ட்டிக்சன் என நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் ஏட்டில் எழுதியதற்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார்கள். இன்று அந்த ஏட்டின் இடத்தில் கணினி அமர்ந்திருக்கிறது. அதன் பின்னே செயற்கை நுண்ணறிவும் வந்து நிற்கிறது.

இயந்திரத்துக்கு இனம், மொழி தெரியாது. அது பாரபட்சம் காட்டாது என்று நம்புவோர் உண்டு. ஆனால், இயந்திரம் பாடம் படிப்பது பழைய பதிவேடுகளிலிருந்துதானே? அந்தப் பதிவேடுகள் நியாயமானவைதாமா? தோட்டப்புற வரலாறு கேட்கும் கேள்வி இதுதான்.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதற்கு முன் பிறந்த தோட்டத் தொழிலாளர்களில் பலர் குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டியிருந்தது. 'தைப்பூசத்துக்கு மறுவாரம் பிறந்தவன்' என்பதைத் தவிர வேறு சான்று இல்லாதவர் என்ன செய்வார்? கிராணி ஒரு விதமாகவும் பதிவதிகாரி வேறு விதமாகவும் பெயரை எழுதியிருந்தால் எதைக் காட்டுவார்? பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர் வேலை பெர்மிட் பெற வேண்டும் என்றது. 1969-க்குப் பின் அது கடுமையாக அமலானது. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். உழைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? இல்லை. அட்டையின் நிறம் அவர்களை வெளியேற்றியது.

சிக்கல் அத்தோடு முடியவில்லை. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டியதே போதும் என்றிருந்த தம்பதியரின் பிள்ளை, சட்டப்படி தாயின் நிலையையே அடையும். தந்தை குடிமகனாக இருந்தாலும் தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால், இம்மண்ணில் பிறந்த பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். இத்தகையோருக்காகவே 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடத்தப்பட்டது.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'பாடு' மத்தியத் தரவுத் தளம், உதவித்தொகை யாருக்குச் சேர வேண்டும் என்று கணிக்க உருவானது. அதில் பதிய அடையாள அட்டை எண் தேவைப்பட்டது. எண் இல்லாதவரின் வறுமை அந்தக் கணக்கில் எப்படி ஏறும்? 2020 பிப்ரவரியில் சபா, சரவாக் நீதிமன்றங்கள் போதைப்பொருள் வழக்குகளில் தண்டனையைப் பரிந்துரைக்கச் செயற்கை நுண்ணறிவைப் பரீட்சித்தன. இனம் என்ற விவரம் நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆனாலும் வழக்கறிஞர்கள் ஆட்சேபித்தனர். காரணம், கணக்கின் உட்கூறு அறியாமல் அதை எதிர்த்து வாதாட முடியாது.

அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. ஆனால் 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. 2024 செப்டம்பரில் வெளியான செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளோ விருப்பத்தின் பேரில் பின்பற்றப்படுபவை.

கிராணியின் ஏட்டைக் கேள்வி கேட்கும் துணிவைத் தந்தது தொழிற்சங்கம். நெகிரி செம்பிலானில் சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி.நாராயணன், 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரானார். அதன்பின் தொழிலாளி தனியாக நிற்கவில்லை. அவருக்காகப் பேச ஒருவர் இருந்தார்.

கணினிக் காலத்துக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தவறான பதிவைத் திருத்த வழி இருக்க வேண்டும். இறுதி முடிவை ஒரு மனிதர் பரிசீலிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. பிள்ளை பிறந்தவுடன் பதிவு செய்வோம். தாலி கட்டிய கையோடு திருமணத்தையும் பதிவோம். ஏட்டில் விடுபட்ட பெயரால் தாத்தா நாட்டை இழந்தார். கணினியில் விடுபட்ட பெயரால் பேரன் உரிமையை இழக்கலாகாது.