தேத்தண்ணி குடிக்காத பொடியனும் வாவிக்கரைச் சிலையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன விடுமுறையில் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீற்றில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். வெள்ளைச் சேர்ட், டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டி. முன் சீற்றில் அதே உடுப்பில் இன்னொருவன். எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கதை கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து மதம் பரப்ப வந்தவர்கள், மோர்மன் சபை. இறங்கும்போது, "வாங்க தம்பி, தேத்தண்ணி குடிப்பம்" என்றேன். சிரித்துக்கொண்டு மறுத்துவிட்டான். தேயிலையும் கோப்பியும் அவர்களுக்குக் கூடாதாம். இலங்கைக்கு வந்தும் தேத்தண்ணி இல்லாமல் இருக்கிற ஒருவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இவர்களுடைய ஒரு கிழமையைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் யோசனையும் வரும். பதினெட்டு வயதானால் பொடியன்கள் இரண்டு வருசத்துக்குப் போகலாம். பெண் பிள்ளைகள் ஒன்றரை வருசம்; 2025 வரை அவர்களுக்குப் பத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது. சம்பளம் கிடையாது. சேர்த்து வைத்த காசோ குடும்பம் கொடுக்கிற காசோதான் செலவுக்கு. எந்த நாடு என்று கேட்டு வாங்க முடியாது, சபை அனுப்புகிற இடத்துக்குத்தான் போக வேணும். விடிய ஆறரைக்கு எழும்பி, வேதம் படித்து, பிறகு வீடு வீடாகவும் தெருத்தெருவாகவும் ஆட்களைத் தேடிப் போவது. எப்போதும் சோடியாகத்தான், தனியே போக அனுமதி இல்லை. ஞாயிறு தொழுகை. திங்களில் ஒரு சின்ன ஓய்வு: உடுப்புத் தோய்க்கலாம், கடைக்குப் போகலாம், வீட்டுக்கு எழுதலாம். முன்பெல்லாம் தாய் தகப்பனோடு தொலைபேசியில் பேச வருசத்துக்கு இரண்டு தரம்தான் அனுமதி. 2019இல்தான் கிழமைக்கு ஒருதரம் பேசலாம் என்று மாற்றினார்கள்.

நமது ஊரில் ஜமாஅத்தில் நாற்பது நாள், நாலு மாதம் போய்வந்தவர்கள் எத்தனை பேர்! சொந்தச் செலவு, தோளில் படுக்கை, கூட்டமாகக் கஷ்த் போய்க் கதவைத் தட்டுவது. கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கிற அந்த ஒரு நிமிசம் எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். அகீதாவில் அவர்களுக்கும் நமக்கும் மலையும் மடுவும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த நிமிசம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஊருக்கு வந்து தேடி வாசித்தபோது தெரிந்தது, அந்தச் சபைக்காரர் இலங்கைக்கு வந்தது 1853இலேயே. 1852 ஆகஸ்டில் சோல்ட் லேக் சிற்றியில் ஒரு மாநாட்டில் பெயர் கூப்பிட்டு இந்தியப் பக்கமாக ஆட்களை அனுப்பினார்கள். அதில் சான்சி வெஸ்ட், பெஞ்சமின் டூவி என்ற இரண்டு பேரும் சீயத்துக்குப் போக வேண்டியவர்கள், அது முடியாமல் இலங்கைக்கு வந்தார்கள். வெஸ்டுக்கு அப்போது 26 வயது. அதே மாநாட்டு நாட்களில்தான் அந்தச் சபை பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்தது. இவர்கள் கரையிறங்குவதற்கு முன்பே அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்துவிட்டது! இங்கிருந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள் முகம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பம்பாய்ப் பக்கம் போய்விட்டார்கள். பின்னால், 1890இல், அந்தச் சபையே அதைக் கைவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களுக்கும் நாற்பது வருசத்துக்கு முந்திய வேறொரு இளைஞரைப் பற்றி. அவர் வந்தது நம்மிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குள், மட்டக்களப்புக்கு.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிலை நிற்கிறது. கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற நாம் எல்லோரும் அதைக் கடந்திருக்கிறோம். வில்லியம் ஓல்ட். மெதடிஸ்த சபைக்காரர், மோர்மன் அல்ல. 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய குழுவில் ஒருவர். புதிதாகக் கலியாணம் முடித்து மனைவியோடு புறப்பட்டவர். பெப்ரவரியில் நடுக்கடலில் மனைவி மௌத்தானார். மே மாதம் 3ஆம் திகதி குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் கப்பலிலேயே இறந்துபோனார். மிஞ்சியவர்கள் பம்பாய் வந்து, 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். காலியில் வைத்தே யார் எந்த ஊர் என்று பிரித்தார்கள். இரண்டு பேர் யாழ்ப்பாணம், இரண்டு பேர் தெற்கு. ஓல்டுக்கு மட்டக்களப்பு. சோடி இல்லை, ஒற்றை ஆள்.

அவருடைய கிழமையை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம். மற்ற நாட்களில் தமிழ் அரிவரி. பள்ளிக்கூடம் ஆரம்பிக்க இடம், பிள்ளை, வாத்தியார் தேடி அலைச்சல். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர மாதக்கணக்கு. பேச ஒரு சொந்தம் இல்லை. அப்படி எட்டு மாதம்தான். 1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 1, ஓல்ட் மட்டக்களப்பில் இறந்தார்.

அவர் எத்தனை பேரை மதம் மாற்றினார் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் தொடங்கியது பிறகு மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அந்தச் சபையின் கை தெற்கே நீண்டு கல்முனைக்கும் வந்தது. இன்றைக்கும் உவெஸ்லி பாடசாலை நம் கண் முன்னால் நிற்கிறது.

இனி நமது கதை. என் உம்மாவின் வாப்பா கெட்டிக்காரர். ஓதப்பள்ளியில் குர்ஆனை முடித்தவர். அரபுத் தமிழ் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார். சிறு வயதில் அவரை ஒரு மிஷன் பள்ளியில் சேர்க்க அவருடைய வாப்பா யோசித்தபோது, "பிள்ளை வேதக்காரனாப் போயிரும்" என்று ஊரில் தடுத்துவிட்டார்கள். பல வருசம் கழித்து ஒரு கந்தோரிலிருந்து காணி சம்பந்தமாக இங்கிலீசில் கடிதம் வந்தது. முத்திரை குத்திய கடிதம் என்று அவர் அதை உடுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டார். ஆள் பிடித்து வாசித்தபோது அதில் சொன்ன தவணை கழிந்திருந்தது. வயல் போனது. உம்மா இதை அழாமல் சொல்லி நான் கேட்டதில்லை.

தடுத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல என்னால் முடியாது. பாதிரிமார் மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதை அவர்களே ஒளிக்கவில்லை. பயம் நியாயமானது. ஆனால் அதே பயம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேணும். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்தப் பள்ளியில் படித்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை திறந்தார். நமது பக்கத்து ஊர் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியில் படித்தார். வேதக்காரராகவில்லை, சுவாமி விபுலாநந்தரானார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். நம்மவரில் சித்திலெப்பை கொழும்பில் 1884இல் மத்ரஸா தொடங்கினார், அதன் வழியில் 1892இல் ஸாஹிரா வந்தது. கொழும்பில் வந்தது. நமது கரைக்கு அந்தக் காற்று வர இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது.

வந்த விதமும் ஒரு விசித்திரம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான். பர்மா அரிசி நின்றது. நெல் விளைவிக்கக் கல்முனையில் அவசரக் கச்சேரி திறந்து, முஸ்லிம்களில் முதல் சிவில் சேவை அதிகாரியான ஏ. எம். ஏ. அஸீஸை அனுப்பினார்கள். நெல்லுக்கு வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். மூளை இருக்கு, படிக்க வசதி இல்லை. விபுலாநந்தரோடு அவருக்கு நல்ல சிநேகிதம். 1945இல் அவர் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு விதை கல்முனையில் அவர் கண்டதுதான். அந்த நிதியில் படித்து டொக்டராகவும் இஞ்சினியராகவும் வந்தவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள்.

ஒரு விசயம் கேட்க வேணும். 1960, 61இல் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுப்பதற்கு முன்பு அவற்றில் படித்த முஸ்லிம் பிள்ளைகள் நமது பக்கத்தில் கொஞ்சப் பேராவது இருந்திருக்க வேணும். ஊர் பேசியதையும் மீறி அவர்களை யார் அனுப்பினார்கள்? வேதப் பாட நேரத்தில் எங்கே இருந்தார்கள்? உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய அறிக்கை அட்டையோ வகுப்புப் படமோ இருந்தால் எனக்கு அறிவியுங்கள், நானே வந்து பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் தேத்தண்ணி தந்தால் மறுக்க மாட்டேன்.