கலைவாணரின் நகைச்சுவைக் குழு

கூத்துப் பார்த்து வளர்ந்த நம் தர்மபுரிப் பக்கத்து ஆட்களுக்குக் கட்டியக்காரனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவுக்கு மேல் கூட்டம் தூங்கி விழுந்தால், ஊர்ச் சேதி ஒன்றை இழுத்துப் போட்டுப் பேச்சை அங்கேயே மாற்றிவிடுவான். சினிமாவில் நகைச்சுவை வேலைக்கென்று ஒரு குழுவையே வைத்திருந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

அந்தக் காலத்தில் படத்தின் கதை ஒரு பக்கம், காமெடி ஒரு பக்கம். காமெடிப் பகுதியைக் கலைவாணர் தம் ஆட்களை வைத்துத் தனியாகவே தயார் செய்து கொடுப்பார். டி.ஏ.மதுரம், டி.எஸ்.துரைராஜ், புளிமூட்டை ராமசாமி என்று நடிக்க ஆட்கள்; பாட்டுக்கு உடுமலை நாராயணகவி.

அந்தக் குழுவுக்கு 1944 டிசம்பரில் பெரிய சோதனை வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதானார். 1945ல் ஆயுள் தண்டனை. தலைவர் உள்ளே போனால் குழு கலைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மதுரம் அம்மா கலைய விடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு நாடக சபாவை நடத்தினார். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அத்தனை செலவுக்கும் பணம் வேண்டுமே! சபாவின் 'பைத்தியக்காரன்' நாடகத்தைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக எடுக்கத் தொடங்கினார்கள்.

படம் முடியும் தறுவாயில், 1947 ஏப்ரலில், கலைவாணர் விடுதலையாகி வந்தார். கதையில் அவருக்கு வேடமே இல்லை. ஜனங்களோ அவரைப் பார்க்கத்தான் காத்திருந்தார்கள். அவருக்கென்று புதிதாகக் காட்சிகள் எழுதிச் சேர்த்தார்கள். ஜெயிலுக்குப் போய்வந்ததையே பாட்டாக்கிப் பாடினார். அந்த ஆண்டே படம் வெளிவந்தது.

அடுத்து எழுத்துக்குப் புது ஆள் தேடினார். நெல்லைப் பக்கத்துச் சத்திரப் புதுக்குளத்து இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து எழுத வைத்தார். பின்னாளில் நாகேஷுக்கும் நகைச்சுவை எழுதியவர் அவர். வில்லுப்பாட்டுக்காக 2021ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கலைவாணர் 1957ல் நம்மை விட்டுப் போனார். அவர் பெயர் நமக்கெல்லாம் தெரியும். கூட இருந்து உழைத்தவர்கள் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. நானும் பணிக்காலத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவன். எல்லாரும் கூடவே இருக்கும்போது வேலை வாங்குவது பெரிய காரியமில்லை. தாம் இரண்டரை ஆண்டு இல்லாதபோதும் கலையாமல் நின்ற ஒரு குழுவைச் சேர்த்து வைத்திருந்தாரே, அதுதான் பெரிது.