தள்ளுவார் வேண்டாத நாற்காலி

ஸ்பெயின் தேசத்து மன்னன் இரண்டாம் பிலிப் கால்மூட்டு நோயால் நடக்கவியலாது வருந்தினான். அவனுக்கென அமைந்த உருளை நாற்காலியின் சித்திரம் ஒன்று 1595-ஆம் ஆண்டில் வரையப்பட்டது. சாய்மானம், கால்தாங்கி யாவும் அதில் உண்டு. ஆயினும் தள்ளுவதற்கு ஏவலர் வரவேண்டும். பின்னர் 1655-இல் நூரம்பெர்க் நகரத்துக் கடிகாரத் தொழிலாளி ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்பார், கால் வழங்காத நிலையில், கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்களின் துணையால் ஓடும் மூன்று சக்கர வண்டியொன்றைத் தமக்கெனத் தாமே செய்துகொண்டார். பேரரசனுக்கு வாய்க்காத ஒன்று இத்தொழிலாளிக்கு வாய்த்தது. எவரையும் அழையாமல், நினைத்த இடத்திற்குச் செல்வதே அது.

1933-இல் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்னும் பொறியாளரும், மடக்கிக் காரில் வைக்கத்தக்க உலோகக் குழாய் நாற்காலியை இயற்றினர். கையில் வலுவுள்ளோர்க்கு அது பெரும் வரப்பிரசாதம். கையும் வழங்காதவர் யாது செய்வர்?

முதல் உலகப் போரில் முதுகுத் தண்டு அறுபட்ட சிப்பாய்களுள் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களுக்குள் மாண்டனர். இரண்டாவது போரின்போது பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்துவிட்டமையால் பலர் பிழைத்தனர். உயிர் மீண்டது, கைகால்கள் மீளவில்லை. இத்தகைய கனடா நாட்டுப் போர்வீரர்களுக்காகவே, ஆட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியாளர் மின்சார நாற்காலியை வகுத்தார். பாட்டரியால் இயங்கும் அந்த நாற்காலியின் இரு சக்கரங்களுக்கும் தனித்தனி இயக்கம் உண்டு. ஆளுவதற்கு ஜாய்ஸ்டிக் என்னும் சிறு கோல் ஒன்றே போதும். ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் சுழலுமாயின், நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். பழைய நீராவி இஞ்சினைத் திருப்ப எவ்வளவு பெரிய சுழல்மேடை வேண்டியிருந்தது என்பதை ரயில்வே குடும்பத்தினர்க்கு நான் சொல்லவேண்டுவதில்லை! 1955-இல் கனடா அரசினர் அம்மாதிரியை அமெரிக்கப் போர்வீரர் நலத்துறைக்கு அளித்தனர். 1956 முதல் எவரெஸ்ட்-ஜென்னிங்ஸ் கம்பெனியார் மின்சார நாற்காலிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யலாயினர். கிளைனின் மாதிரி 2005-இல் கனடாவுக்கே திரும்பியது.

நிற்க. அந்நாற்காலி மனிதனுக்கு என்ன அளித்தது என்பதை எட் ராபர்ட்ஸின் வாழ்வில் காணலாம். 1953-இல் தமது 14-ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட அவருக்கு, கையில் இரு விரல்களும் சில கால்விரல்களுமே அசைந்தன. இரவில் மூச்சுவிட இரும்புப் பேழை வேண்டும். 1962-இல் பெர்க்லிப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தபோது, அப்பேழையின் பாரத்தைத் தாங்கும் விடுதி இல்லாமையால் அங்குள்ள மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். மின்சார நாற்காலியை ஓட்ட இவரால் இயலாதென்றே கருதப்பட்டது. பின்னர் ஒரு பெண்ணிடம் காதல் கொண்டார். நாற்காலியைத் தள்ளும் உதவியாளர் எந்நேரமும் பின்னால் நின்றால் தனிமை ஏது? கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருப்பி வைத்தால் தம் விரல்களுக்கு அது இணங்கும் என்று கண்டு, விரைவிலேயே ஓட்டக் கற்றார். வைத்தியர் ஊட்டாத ஊக்கத்தைக் காதல் ஊட்டியது என்று இதனை அவரே நகைச்சுவையுடன் கூறுவதுண்டு. வேலைக்குத் தகுதியற்றவர் என்று முன்பு அவரை ஒதுக்கிய கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975-இல் அவர் இயக்குநரானார்.

ஆனால் நாற்காலி எவ்வளவு திறமுடையதாயினும், நடைபாதையின் அரையடி விளிம்பு அதனை நிறுத்திவிடும். ராபர்ட்ஸும் தோழர்களும் போராடியதன் பயனாக, பெர்க்லி நகரமன்றம் 1971-இல் நடைபாதை முனைகளைச் சரிவாக அமைக்க இசைந்தது.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யினர் 2021-இல் வெளியிட்ட நியோபோல்ட் என்னும் மோட்டார் இணைப்பு, சக்கர நாற்காலியின் முன்புறம் பூட்டப்பட்டதும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையில் ஓடுகிறது. பொதுக் கட்டடங்கள் யாவும் மாற்றுத்திறனாளிகள் புகத்தக்கனவாக இருத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. நம் சங்கக் கட்டடத்து முகப்பில் மூன்று படிகள். உயரம் ஒன்றரை அடி. ஆக 18 அடி நீளம் தேவை. வலப்புறம் செம்பருத்திச் செடிகளை ஒட்டி அவ்வளவு இடம் இருப்பதாகவே தோன்றுகிறது. செயற்குழுவினர் ஒரு நாடாவைப் பிடித்து அளந்து பார்க்கலாம்.